பேறுகாலத் துணையும் கூலியும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்டிர் வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் பால்மரத்தையும் கங்காணி முறையையும் கூலி விகிதத்தையும் தொழிற்சங்கத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அதே தோட்டங்களில் குழந்தை பெற்ற பெண்ணைக் குளிப்பாட்டியவர் யார், அவளுக்குப் பத்தியம் சமைத்தவர் யார், அவள் மீண்டும் மரம் சீவச் சென்றபோது பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் யார், அவ்வுதவிக்குக் கூலி கொடுத்தவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. பேறுகாலத்தில் வீட்டிற்குக் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வது நகர வாழ்வு தந்த புதுப்பழக்கம் என்று பலரும் எண்ணுகின்றனர். தோட்டப்புற வரலாற்றை நோக்கின் அவ்வெண்ணம் பொருந்தாமை விளங்கும். வசதி படைத்தோர் அல்லர், நாட்கூலி பெற்ற பால்மரத் தொழிலாளரே அவ்வுதவியைக் காசு கொடுத்துப் பெறவேண்டிய நிலையில் முன்னரே இருந்தனர்.

சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், சிலியாவ், லாபு, பாகாவ், கெமாஸ் முதலிய நெகிரி செம்பிலான் வட்டாரங்களின் தோட்டப்புற வாழ்வைக் களமாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குழந்தை பெற்ற பெண்ணுக்கு வேண்டிய உதவி தோட்டத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதிக்குத் தோட்ட நிருவாகம் கூலி கொடுத்தது. மறுபாதி தொழிலாளர் குடும்பத்தின் சுமையாயிற்று என்பதே இதன் மையக் கருத்து.

தாயகத்து முறை

தமிழகச் சிற்றூர்களில் தலைப்பேறு தாய்வீட்டில் நிகழ்வதே மரபு. ஏழாம் மாதத்தில் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும் மகளைப் பெற்றோர் அழைத்துச் செல்வர். பேறு பார்க்கும் பணி பெரும்பாலும் மருத்துவர் சமூகத்துப் பெண்களுடையது. முடிதிருத்தலும் பண்டுவமும் அச்சமூகத்தின் மரபுத் தொழில்களாக இருந்தமையால் அவர்தம் மகளிர் மருத்துவச்சிகள் எனப்பட்டனர். பேற்றுத் துணிகளை வெளுத்து மாற்றுத்துணி தருவது வண்ணார் குலப் பெண்ணின் கடமை. இவர்களுக்குரிய ஊதியம் அறுவடைக் களத்தில் அளக்கப்பட்ட நெல்லும், சடங்கு நாளில் வழங்கப்பட்ட சேலை, அரிசி, வெற்றிலை பாக்கு முதலியனவுமாகும். மகப்பேற்று உதவிக்கு அங்கும் ஊதியம் இருந்தது. ஆயினும் அது விலை பேசிப் பெறும் கூலியாக இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த உரிமையும் கடமையுமாக அது விளங்கியது.

இம்முறையை மிகையாகப் போற்றுதற்கில்லை. சேரிவாழ் மக்களுக்கு ஊரின் வண்ணாரும் மருத்துவரும் பணி செய்யாத இடங்கள் பல. அவர்களுக்கெனப் புதிரை வண்ணார் போன்ற தனிப் பிரிவினர் இருந்தனர். மலாயாவுக்குப் புலம்பெயர்ந்த தொழிலாளருள் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் பெருந்தொகையினர் என்பதை நினைவிற்கொண்டால், அவர்கள் விட்டுவந்த பேறுகால ஏற்பாடும் சாதி வரம்புக்குட்பட்டதே என்பது புலனாகும். இருப்பினும் குழந்தை பெற்றவளைச் சூழ்ந்து தாயும் பாட்டியும் அத்தையும் இருந்தனர். சமையலும் குளியலும் இரவுக் காவலும் கூலி கேளாத கைகளால் நடந்தன.

தாய்வீடு இல்லாத மண்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுங்கை ஊஜோங்கில் காப்பி பயிரிடப்பட்ட காலந்தொட்டே தமிழ்த் தொழிலாளர் இவ்வட்டாரத்திற்கு வந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பரவியதும் அவர்களின் தொகை பெருகிற்று. கங்காணி வழி வந்த குடும்பங்களில் கணவன் மனைவியர் சேர்ந்து வந்திருக்கலாம். ஆனால் மனைவியின் தாய் உடன் வருவது அரிது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலாயா இந்தியருள் 1000 ஆண்களுக்கு 500க்கும் குறைவான பெண்களே இருந்தனர். லயங்களில் முதிய பெண்கள் அதனினும் குறைவு. வேலை செய்யும் ஆற்றல் உடையோரையே தோட்டங்கள் தேடின. பேறுகாலத்தில் உதவக்கூடிய பாட்டியர் தலைமுறை கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது.

நெகிரி செம்பிலானில் இக்குறை மேலும் துலக்கமாகத் தெரிகின்றது. இம்மாநிலத்து மலாய்ச் சமூகத்தின் பெரும்பகுதி மினாங்கபாவ் வழிவந்த அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபைப் பின்பற்றுவது. ரெம்பாவ், கோலாபிலா, ஜெலுபு முதலிய பகுதிகளில் குலநிலம் பெண்வழிச் செல்லும். மணமானதும் கணவன் மனைவியின் உறவினரோடு வாழ்வதே வழக்கம். ஆகவே அங்குக் குழந்தை பெறும் பெண் தன் தாயின் வீட்டிலோ அதற்கு அண்மையிலோ இருப்பாள். தோட்டத்து எல்லைக்கு அப்பாலிருந்த கம்பத்தில் பெண்ணைச் சுற்றித் தாய்வழி உறவு முழுவதும் திரண்டிருக்க, எல்லைக்கு இப்பாலிருந்த லயத்தில் தமிழ்ப்பெண் தாய்வீடின்றிப் பிள்ளை பெற்றாள். ஒரே மழையும் ஒரே மண்ணும் உடைய நிலத்தில் இவ்விரு நிலைகளும் அருகருகே இருந்தமை வரலாற்றாய்வாளர் கருதத்தக்கது.

மருத்துவச்சியும் பிடானும்

தாய்வீட்டின் இடத்தை லயத்து அண்டை வீட்டார் நிரப்பினர். பல பிள்ளைகள் பெற்று வளர்த்த, கைப்பழக்கமுள்ள பெண்ணொருத்தி தோட்டத்து மருத்துவச்சி ஆனாள். தாயகத்தில் இப்பணி பிறப்பால் வந்தது. தோட்டத்தில் அது திறமையால் வந்தது. சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிந்ததெனக் கூறுதற்கில்லை. எனினும் நள்ளிரவில் நோவு கண்ட பெண்ணுக்கு, வரிசையின் கடைசி வீட்டிலிருந்து எவள் வரக்கூடுமோ அவளையே அழைக்கும் நிலை சாதிக் கட்டை ஓரளவு தளர்த்தியது எனலாம்.

பேறு பார்ப்பதோடு இவள் பணி முடிவதில்லை. தாய்க்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்த்தல், குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டல், சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, பெருங்காயம் முதலியன சேர்த்துப் பேறுகால மருந்து இடித்தல், கருவாடும் பூண்டுக் குழம்புமாகப் பத்தியம் சமைத்தல், தூளி கட்டுதல், சாம்பிராணிப் புகை காட்டல் ஆகியன அடுத்துவரும் நாள்களின் வேலைகள். 16ஆம் நாள் அல்லது 30ஆம் நாள் தீட்டுக் கழியும்வரை இவை நீடிக்கும். அதன் முடிவில் அவளுக்குச் சேலையும் வெற்றிலை பாக்கும் வைத்துப் பணம் கொடுப்பர். நெல் விளையாத தோட்டத்தில் நெல்லளந்து கொடுக்க வழியில்லை. எல்லாரும் கூலிக்கு உழைத்த இடத்தில் ஒருத்தியின் நாளை இன்னொருத்தி எடுத்துக்கொண்டால் அந்நாளின் கூலியை ஈடு செய்வதே நேர்மையாயிற்று. இவ்வாறு மரபுக் கடமை காசுக் கூலியாக மாறிற்று. ஆனால் அழைக்கும் சொல் மாறவில்லை. கூலி பெற்றவளும் ‘அத்தை’, ‘பெரியம்மா’, ‘பாட்டி’ என்றே அழைக்கப்பட்டாள். கைக்குக் கூலியும் வாய்க்கு உறவும் என்னும் இந்த அமைப்பு தோட்டப்புறப் பண்பாட்டின் தனிக்கூறாகும்.

கம்பத்து மலாய் மருத்துவச்சியான பிடானும் தோட்டத்துப் பெண்களுக்குத் துணையானாள். உடம்பு பிடித்து விடுதல், சூடேற்றிய கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் ஒற்றும் துங்கு, வயிற்றை இறுகக் கட்டும் பெங்கோங் ஆகிய மலாய் முறைகள் தமிழ்ப் பேறுகாலப் பழக்கத்துள் கலந்தன. மலாயருக்கு 44 நாள், சீனருக்கு ஒரு மாதம், தமிழருக்கு 30 நாள் எனக் கணக்கு வேறுபட்டாலும், குழந்தை பெற்ற உடல் சூட்டிலும் ஓய்விலும் பேணப்பட வேண்டும் என்னும் கருத்து மூவினத்தார்க்கும் பொதுவாக இருந்தமையே இக்கலப்பிற்குக் காரணம் எனலாம்.

ஆயாக் கொட்டகை

இனித் தோட்ட நிருவாகத்தின் பங்கினை நோக்குவோம். இந்திய அரசின் 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து, மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. பேறுகால உதவித்தொகை, தோட்டப் பள்ளி, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றிற்கு அது இடம் வகுத்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகளின் பெருக்கத்திற்கு இச்சட்டம் துணைநின்றது என்பது தமிழாசிரியர் நன்கறிந்த செய்தி. அதே சட்டத்தின் நிழலில் வளர்ந்த மற்றொரு நிறுவனமே ஆயாக் கொட்டகை.

‘ஆயா’ என்னும் சொல் ‘ஐயா’ என ஒலிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து இந்திய மொழிகளுக்கு வந்தது. தமிழில் பாட்டியையும் தாயையும் குறிக்கும் ‘ஆயா’, ‘ஆய்’ என்னும் வழக்குகளோடு அது எளிதில் ஒட்டிக்கொண்டது. அகப்பாடல் மரபில் நற்றாய்க்கு அடுத்து நின்று மகளை வளர்ப்பவள் செவிலித்தாய். செவிலியின் மகளே தோழி. பெற்றவள் அல்லாத ஒருத்தி பிள்ளையைப் பேணுவதற்குத் தமிழ் நெடுங்காலத்திற்கு முன்பே பெயரும் மதிப்பும் வழங்கியிருந்தது. தோட்டத்து ஆயா அம்மரபின் தொலைதூர வாரிசு. ஆனால் அவளுடைய முதலாளி ஒரு கம்பெனி.

பால்மரம் சீவுதல் விடியலில் தொடங்கும் வேலை. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். அதற்குமுன் தாய் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொட்டகையில் விடுவாள். நீண்ட கூடத்தில் உத்திரங்களில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துத் தாய் திரும்ப நண்பகல் கடந்துவிடும். இடையில் ஓடிவந்து பால் கொடுப்பதும் உண்டு; மரங்கள் தொலைவிலிருந்தால் அதுவும் இயலாது. தாய்ப்பாலின் இடத்தைத் தகரப்பால் பிடித்தது. 1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் உரையாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இனிப்பூட்டிய கெட்டிப்பாலைக் குழந்தை உணவென விற்பதைக் கொலைக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். அவர் சாடியது விற்பனையாளரை. தோட்டத்துத் தாயைப் பொறுத்தவரை, பால் சுரந்த நேரத்தில் அவள் மரத்தடியில் நிற்கவேண்டியிருந்த வேலைமுறையும் அதன் காரணங்களுள் ஒன்றாகும்.

ஆயாவாகப் பெரும்பாலும் வெட்டுக்குப் போக இயலாத வயதுடைய பெண்களே அமர்த்தப்பட்டனர். அவர்களுக்குத் தோட்டமே கூலி கொடுத்தது. இங்கு ஒரு வினா எழுகின்றது. பிள்ளையைப் பார்ப்பவளுக்குக் கூலி கொடுத்த நிருவாகம், தாயைப் பார்ப்பவளுக்கு ஏன் கொடுக்கவில்லை? விடை வெளிப்படையானது. பிள்ளையை ஒருத்தி பார்த்தால் பல தாய்மார் வேலைக்குத் திரும்புவர். தாயை ஒருத்தி பார்த்தால் தாய் தேறுவாள். ஆனால் அந்நாளில் ஒரு மரமும் கூடுதலாகச் சீவப்படாது. ஆயாவின் கூலி தோட்டத்தின் உற்பத்திச் செலவில் அடங்கிற்று. மருத்துவச்சியின் கூலி தொழிலாளியின் வீட்டுச் செலவாயிற்று. ஆயாவின் பெயர் செக்குரோலில் ஏறியது. மருத்துவச்சியின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1920களின் இறுதியில் முதன்மையான தோட்ட வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக வரையறுக்கப்பட்டன; பொருளாதார மந்த காலத்தில் அவையும் வெட்டப்பட்டன. பெண்ணின் கூலி குறைவென்றால் அதனை அடியாகக் கொண்ட பேறுகால உதவித்தொகையும் குறைவே. அத்தொகையிலிருந்தே மருந்துச் சரக்கும் அரிசியும் மருத்துவச்சியின் கூலியும் வரவேண்டும். உதவித்தொகை தீரும் நாளும் பத்தியம் முடியும் நாளும் ஒன்றாக அமையாத குடும்பங்களில், தாய் உடல் தேறுமுன் பெரட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தச்சோகையும் மலிந்த தோட்டங்களில் அதன் விளைவு எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை.

1938ஆம் ஆண்டு இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. அதன்பின் தோட்டத்திற்குரிய புதிய கைகள் பெரும்பாலும் லயங்களிலேயே பிறந்தாக வேண்டியதாயிற்று. 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயா இந்தியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இம்மண்ணில் பிறந்தோர். கூலிப் பெண்களை நடுவில் நிறுத்தி அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட ஆய்வுநூல், இப்பெண்கள் வெறும் துணைவியராக அன்றி உழைப்பாளராகவும் அடுத்த தலைமுறையைத் தந்தவராகவும் விளங்கியதை நிறுவுகின்றது. அவ்விரு பணிகளுக்கும் இடையில் நின்று தாங்கிய மருத்துவச்சியையும் ஆயாவையும் அவ்வரிசையில் சேர்த்தல் வேண்டும்.

பங்களா ஆயா

தோட்டத்தில் பேறுகாலத்திற்குப் பின் கூலிக்கு ஆள் வைத்த மற்றொரு வீடும் இருந்தது. அது மேட்டில் இருந்த துரையின் பங்களா. ஐரோப்பியக் குடும்பங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சீன ஆமாக்களும் தமிழ் ஆயாக்களும் அமர்த்தப்பட்டனர். ஆயா என்னும் ஒரே சொல் கொட்டகையிலும் பங்களாவிலும் வழங்கியது. பங்களாவில் ஓர் ஆயா ஒரு பிள்ளையையோ இரு பிள்ளைகளையோ பார்த்தாள். கொட்டகையில் ஓர் ஆயா ஒரு கூடம் நிறைந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பங்களா ஆயா தன் பிள்ளையைக் கொட்டகை ஆயாவிடம் விட்டுச் சென்றிருந்தால், அக்கூலிச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மிக மலிவானதாக இருந்தது என்பது தெளிவு. உலகின் பல நாடுகளில் இன்று வீட்டுப் பணிப்பெண்களைப் பற்றி ஆய்வாளர் கூறும் செய்தி இதுவே. அதன் சிறு வடிவத்தைத் தோட்டம் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தது.

சட்டம் வகுத்த நாள்கள்

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1919இல் வகுத்த மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்படிக்கை, பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் ஓய்வு வேண்டுமென்றது. மலாயாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டு சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்கீழ் 60 நாள் விடுப்பு நிலைபெற்றது. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்கும் நலவசதிக்கும் பேரம் பேசும் ஆற்றலைத் தொழிலாளர்க்கு அளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 2023ஆம் ஆண்டு சனவரி 1 முதல் மகப்பேற்று விடுப்பு 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கும் 7 நாள் விடுப்புக் கிடைத்தது. 60 நாள் 98 ஆவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன.

இச்சட்டங்கள் எல்லாம் அளந்தது தாய் வேலைக்கு வராத நாள்களையே. அந்நாள்களில் அவளைப் பார்ப்பவர் யார் என்பதை அவை அளக்கவில்லை. மேலும், 1955ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரைத் தன் மகப்பேற்றுப் பாதுகாப்புப் பகுதியின் வரம்பிற்கு வெளியே நிறுத்தியது. பிறர் வீட்டில் குழந்தை பெற்றவளைப் பேணிக் கூலி பெற்றவளுக்கு, அவளே குழந்தை பெற்றபோது அப்பாதுகாப்பு இல்லை. சட்டத்தின் மௌனம் எங்கு விழுந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1966ஆம் ஆண்டு மருத்துவச்சியர் சட்டம் பேறு பார்க்கும் தொழிலைப் பதிவுக்கு உட்படுத்தியது. பயிற்சி பெற்ற தாதியரும் மருத்துவமனைகளும் பெருகியதால் தாய் சேய் இறப்புப் பெரிதும் குறைந்தது. இது மறுக்கவொண்ணா நன்மை. இன்று மலேசியாவில் வீட்டுப் பேறு அரிதாகிவிட்டது. ஆயினும் அரசு எடுத்துக்கொண்டது பேறு நிகழும் நாளையே. அதன்பின் வரும் 30 நாள் வீட்டிற்கே விடப்பட்டது. வீட்டிற்கு வரும் அரசுத் தாதி தாயின் புண்ணையும் குழந்தையின் எடையையும் பார்ப்பார். அடுப்பு மூட்டுவது அவர் பணியன்று.

தோட்டம் கலைந்த பின்

இரப்பர் குறைந்து செம்பனை பெருகியதும், வெளிநாட்டுத் தொழிலாளர் வரவும், 1990களுக்குப் பின் நீலாய், லாபு, சிரம்பான் பகுதிகளில் தோட்ட நிலங்கள் வீடமைப்பிற்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியதும் லயங்களைக் காலியாக்கின. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் சட்டத்தில் குழந்தைக் காப்பகத்திற்கு இடமிருந்தும், தூளியில் இடப் பிள்ளைகள் இல்லாத தோட்டத்தில் கொட்டகைக்கு வேலையில்லை. தோட்டத்தைவிட்டு நகர்ப்புறத் தாமான்களிலும் மலிவுவிலை அடுக்ககங்களிலும் குடியேறிய குடும்பம் இரு துணைகளை ஒருசேர இழந்தது: கூலியின்றிப் பிள்ளையை ஒப்படைக்க முடிந்த ஆயாவையும், கூப்பிடு தொலைவில் இருந்த மருத்துவச்சியையும்.

இன்று பேறுகாலத்திற்கு ஆள் வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பத்தியச் சமையலும் எண்ணெய்க் குளியலும் அறிந்த பெண்ணை ஒரு மாதக் கணக்கில் அமர்த்துகின்றன. சீனர் வழக்கில் ‘மாதம் உடனிருப்பவர்’ எனப் பொருள்படும் புய் யுவே, மலாயர் வழக்கில் பந்தாங் காலப் பணியாளர் என இத்தொழில் மூவினத்தாரிடமும் விரிந்துள்ளது. அன்று மருத்துவச்சிக்குக் கூலி கொடுத்தவளும் பெற்றவளும் ஒரே வரிசையில் வாழ்ந்தனர். ஒருத்தியின் வருவாய் மற்றவளின் வருவாயை ஒத்தது. இன்று அமர்த்துபவருக்கும் அமர்த்தப்படுபவருக்கும் இடையில் வகுப்பு வேறுபாடு நிற்கின்றது. அமர்த்தும் வசதியில்லாத தாய்க்கோ 98 நாள் விடுப்பு உண்டு. ஆனால் வெந்நீர் வைத்துத் தர ஆள் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. தாயகத்தில் சாதிக் கடமையாகவும் தாய்வீட்டு உரிமையாகவும் இருந்த பேறுகாலத் துணை, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் காசுக் கூலியாயிற்று. பிள்ளையைப் பேணும் பாதிக்குத் தோட்டம் கூலி கொடுத்தது; அது தாயை மரத்தடிக்கு மீட்டுத் தந்தது. தாயைப் பேணும் பாதிக்குத் தாயே கூலி கொடுத்தாள். சட்டம் விடுப்பு நாள்களைக் கூட்டியபோதும் அந்த இரண்டாம் பாதியைத் தொடவில்லை. எனவே மகப்பேற்று நலன் பற்றிய இன்றைய விவாதம் நாள்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. அந்நாள்களில் தாயைப் பேணும் உழைப்பின் மதிப்பையும் அவ்வுழைப்பாளரின் பாதுகாப்பையும் அது உட்கொள்ள வேண்டும்.

தோட்டத்து மருத்துவச்சியரும் ஆயாக்களும் எழுத்தில் தம்மைப் பதிந்துவிட்டுச் சென்றவர் அல்லர். அவர்கள் கையால் பிறந்தோரும் அவர்கள் ஆட்டிய தூளியில் உறங்கியோரும் இன்றும் சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் பாகாவிலும் வாழ்கின்றனர். பேறுகால மருந்தின் சரக்குகள், தூளி கட்டும் முறை, கொட்டகையின் ஒழுங்கு, கொடுக்கப்பட்ட கூலி, வழங்கிய உறவுச்சொற்கள் ஆகியவற்றை அவர்களிடம் கேட்டுத் தொகுக்கும் பணியைத் தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டே தொடங்கலாம். செக்குரோலில் ஏறாத பெயர்களை வரலாற்றில் ஏற்றுவதற்கு அதுவே நம் கைக்கெட்டிய வழியாகும்.